லாரி எங்கே போச்சு?

"சைக்கிளிலிருந்து விழுந்தார்!"

நம் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடுகளில் மிக மலிவாகக் கிடைக்கும் வரி இதுதான். எது இடித்தது? எங்கே இடித்தது? யாருக்குக் கவலை! கை ஒடிஞ்சிருக்கு, கட்டுப் போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு!

இந்த ஒரு வரியால் என்ன குடியா முழுகிவிடும் என்கிறீர்களா தோழர்களே? முழுகும். சொல்கிறேன், கேளுங்கள்.

நோய்களுக்கும் காயங்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் குறியீடுகள் வகுத்திருக்கிறது. அதன் பத்தாம் திருத்தமான ஐ.சி.டி.-10, 1994 முதல் உறுப்பு நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு காயத்துக்கு இரண்டு கேள்விகள். அடி எங்கே? அதற்கு 'எஸ்' வரிசை. முன்கை எலும்பு முறிவு எஸ் 52. எப்படிப் பட்டது? போக்குவரத்து விபத்துக்கு 'வி' வரிசை. சைக்கிள்காரருக்கென்றே வி 10 முதல் வி 19 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். நடந்துபோகிறவரோ மாடோ மோதினால் வி 10. இன்னொரு சைக்கிள் என்றால் வி 11, பைக்கோ ஆட்டோவோ வி 12, கார் வி 13, லாரி, பஸ் வி 14. எதிலும் மோதாமல் தானாக விழுந்தால் வி 18.

ஆக, "விழுந்தார்" என்று எழுதிய மாத்திரத்தில் வி 14 வி 18 ஆகிறது. லாரி மாயமாகிறது! குறியீடு போடுகிறவரைத் திட்டிப் பயனில்லை. டாக்டர் எழுதாததை அவர் போடக் கூடாது.

எங்கள் தெருவில் சைக்கிளில் பால் ஊற்றும் அண்ணனை ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போனது. இடித்துவிட்டு ஓடும் வண்டியால் படுகாயம் அடைந்தவருக்கு ரூ.50,000, உயிர் போனால் ரூ.2 லட்சம் என்று 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. மனுவோடு போனவரிடம் கேட்டார்களாம்: "இந்தக் காகிதத்துல லாரியே இல்லையேப்பா?" மனுஷன் இன்னும் அலைகிறார்.

இன்னொரு வேடிக்கை! சென்னையிலும் கோவையிலும் நம் பட்டதாரிகள் அமெரிக்க நோயாளிகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறார்கள். கார் மோதிய சைக்கிள்காரர், ஓட்டியவர் அவரே, பொதுச்சாலை, முதல் சிகிச்சை. இத்தனையும் 'வி 13.4 எக்ஸ்எக்ஸ் ஏ' என்ற ஏழு எழுத்தில் அடங்குகிறது. அங்கே அவ்வளவு நுணுக்கம். நம்ம பால்காரருக்கு ஒரு வரி கஞ்சம்!

பணம் மட்டுமா போகிறது? ஒரே வளைவில் பத்துப் பேரை லாரி சாய்த்தாலும் பதிவேட்டில் பத்துப் பேரும் "விழுந்தவர்கள்". அப்புறம் வேகத்தடை யார் போடுவார்கள்? "பார்த்து ஓட்டுப்பா" என்ற உபதேசம்தான் மிஞ்சும்.

இரவு நேரத்தில் கூட்டம் நெரியும்போது டாக்டர் கதையா எழுதுவார் என்பீர்கள். நியாயம்தான். கதை வேண்டாம், அச்சிட்ட தாளில் ஐந்து கட்டம் போதும். எது மோதியது, எந்த இடம், ஓட்டினாரா பின்னால் உட்கார்ந்தாரா, எத்தனை மணி, வண்டி நின்றதா. டிக் அடிக்க அரை நிமிஷம் ஆகுமா?

அப்சர்வேஷன் நோட்டில் இல்லாத ரீடிங்கை ரெக்கார்டில் எழுத நம் லேபில் விடுவார்களா? உயிர் விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

தோழர்களே, அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் வாய் திறந்து சொல்லுங்கள்: "சார், லாரி இடிச்சுது. அப்படியே எழுதுங்க." விபத்துப் பதிவேட்டு நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள்!