ஒட்டா, கொட்டையா?

சித்திரை பொறந்தா போதும். டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாரும் போன்ல ஒரு மாங்காயைப் படம் பிடிச்சு அனுப்பி, "இது என்ன ரகம்?"னு கேக்கறாங்க. உள்ளங்கையில வச்சு எடுத்த ஒத்தைக் காய். மரத்தைக் காட்டல, இலையைக் காட்டல, எந்த மாசம் காய்ச்சதுன்னும் சொல்லல. இதுக்கும் உடனே பதில் சொல்ற ஆளுங்க இருக்காங்க. ஒருத்தர் பங்கனப்பள்ளிம்பார். இன்னொருத்தர் இமாம்பசந்தேதான்னு சத்தியம் பண்ணுவார். நான் நத்தம் பக்கம் முப்பது வருசமா மா வச்சுப் பிழைக்கிறவன். அந்தப் படத்தை வச்சு என்னால உறுதியாச் சொல்ல முடியறது, அது மாங்காங்கறது மட்டுந்தான்.

என் அபிப்ராயத்தை முதல்லயே சொல்லிடறேன். கொல்லையில நிக்கிற பழைய மரத்தைப் பத்திக் கேக்கும்போது, என்ன ரகம்ங்கறது முதல் கேள்வியே இல்ல. ஒட்டா, கொட்டையா? அதுதான் முதல் கேள்வி. அது தெரியாம ரகத்தோட பேரைத் தேடுறது, பொறந்த தேதி தெரியாம ஜாதகம் எழுதற கதைதான்.

ஒட்டு மரம்னா அடித்தண்டுல அடையாளம் இருக்கும். தரையிலேருந்து ஒரு முழம், ரெண்டு முழத்துக்குள்ள ஒரு பக்கம் புடைச்சாப்ல இருக்கும், இல்லேன்னா மேல ஒரு மாதிரி பட்டை, கீழ ஒரு மாதிரி பட்டை. தாழ்வாக் கிளை பிரிஞ்சு குடை மாதிரி பரந்திருக்கும். நட்டு நாலஞ்சு வருசத்துல காய்ச்சிருக்கும். கொட்டை போட்டு முளைச்ச மரம் அப்படி இல்ல. நெட்டுக்கு மேல போயித்தான் கிளை விடும். முதல் காய் பாக்க எட்டு வருசம், பத்து வருசம்கூட ஆகும். இதையெல்லாம்விட நல்ல சாட்சி வீட்டுல இருக்கிற பெரியவங்க. "இதை யார் வச்சது, கன்னு எங்க வாங்கினது?"னு கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற அப்பத்தாக்கள் வருசா வருசம் குறைஞ்சிட்டு வர்றாங்க.

ஒட்டு மரம்னு தெரிஞ்சுட்டா பயப்படாதீங்க. நம்ம ஊர் நர்சரிகள்ல காலகாலமா வித்தது ஒரு கை விரல், ரெண்டு கை விரல்ல அடங்கிடும். செந்தூரம், பங்கனப்பள்ளி, கிளிமூக்கு, நீலம், மல்கோவா, இமாம்பசந்த், எங்க பக்கம் காசாலட்டு. பிரிச்சுப் பாக்க முதல்ல மாசத்தைப் பாருங்க. செந்தூரம் முந்தி வரும், தோள்ல சிவப்பு ஏறும். நீலம் எல்லாம் ஓஞ்ச பிறகு ஆனி, ஆடியில வரும். நீலத்தை அறுத்தா கொட்டைக்குள்ளேருந்து வண்டு எந்திரிச்சு நடக்கறதைப் பாக்காத தமிழன் கிடையாது. கிளிமூக்குக்குப் பேரே அடையாளம். பங்கனப்பள்ளி நல்லாப் பழுத்தாலும் சிவப்பு காட்டாது, மஞ்சள்தான். நார் இருக்காது. இமாம்பசந்த் பழுத்த பிறகும் தோல்ல பச்சை நிக்கும், அதனாலதான் புதுசா வாங்குறவங்க "இன்னும் பழுக்கல"ன்னு வச்சிருந்து அழுக விடறாங்க. மல்கோவா உருண்டையா, கனமா, உள்ள கொட்டை சிறுசா இருக்கும். காய்ப்புல கஞ்சன்.

ஒரு காயை வச்சு முடிவு பண்ணாதீங்க. வெயில் பட்ட பக்கத்துக் காய்க்கு ஒரு நிறம், உள்கிளைக் காய்க்கு ஒரு நிறம். பத்துக் காயாவது பாக்கணும். தின்ன கொட்டையை எறியாம கழுவிக் காய வைங்க. தட்டையா, உப்பலா, நார் நீளமா, கட்டையா, எல்லாம் அதுல தெரியும். இலையைக் கசக்கி மோந்து பாருங்க. தளிர் செம்பு நிறமா, வெளிர் பச்சையா, பூங்காம்பு சிவப்பா, பச்சையான்னு அந்தந்தப் பருவத்துல குறிச்சு வைங்க. இதுக்கு ஒரு வருசம் ஆகும். ஒரு நிமிசத்துல முடியற காரியம் இல்ல.

அப்புறம், பேரே ஒரு நிலையில நிக்கிறதில்லைங்கறதையும் சொல்லணும். கிளிமூக்கைக் கர்நாடகத்துல தோத்தாபுரிங்கறான், ஆந்திராவுல கலெக்டர்ங்கறான், நம்மகிட்ட பெங்களூராவும் அதுதான், கல்லாமையும் அதுதான். பங்கனப்பள்ளிதான் சப்பட்டை, பெனிஷான். இமாம்பசந்துதான் ஹிமாயத். அதனால ரெண்டு பேர் ரெண்டு பேர் சொல்லிச் சண்டை போடும்போது, ரெண்டு பேருமே சரியாக்கூட இருக்கலாம்.

சரி, கொட்டை மரமா இருந்தா? அப்ப ரகத்தைத் தேடவே வேண்டாம். அதுக்கு ரகம் கிடையாது.

இதைச் சொன்னா நிறையப் பேருக்கு முகம் சுருங்கிப் போகுது. "மல்கோவாக் கொட்டைதான் சார் போட்டோம், அப்ப மல்கோவாதானே?" இல்ல. நம்ம நாட்டு மாம்பழ ரகத்துல பெரும்பாலானதுக்குக் கொட்டைக்குள்ள ஒரே ஒரு கருதான். தாய் மல்கோவாவா இருக்கலாம், மகரந்தம் எந்த மரத்துலேருந்து ஈ கொண்டாந்து வச்சதுன்னு யாருக்குத் தெரியும்? பிள்ளை அம்மா மாதிரியும் இருக்கும், அப்பா மாதிரியும் இருக்கும், ரெண்டு பேர் மாதிரியும் இல்லாமலும் போகும். அதனாலதான் ஒட்டுங்கற வித்தையே வந்துது. கேரளக் கரையோரத்துல ஒளூர், சந்திரக்காரன் மாதிரி சில மரம் உண்டு. அதுக்கு ஒரு கொட்டையில நாலஞ்சு முளை வரும், தாய் மாதிரியே வளரும். நம்ம கொல்லை மரம் பெரும்பாலும் அந்தச் சாதி இல்ல.

என் ஒன்னுவிட்ட அண்ணன் மகன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறான். பழைய வீட்டை இடிச்சுக் கட்ட ஏற்பாடு. பின்னால கிணத்தடியில பெரியம்மா கொட்டை போட்டு வளத்த மரம். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து காய்க்குது. "சித்தப்பா, இது நல்ல ரகம்னா ப்ளானை மாத்திக்கலாம். சாதாரண மரம்னா வெட்டிடலாம்ங்கறாரு இன்ஜினியர். நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னான். பாக்கறதுக்கு என்ன இருக்கு, தின்னு வளந்த மரம். ஆனிக் கடைசியில பழுக்கும். கொட்டையை ஒட்டிக் கொஞ்சம் நார், மத்தபடி வெண்ணெய். வைக்கோல்ல போட்டா பத்து நாளைக்குக் கெடாது. காய் குழம்புக்கு ஆகும், ஊறுகாய்க்கு ஆகாது. "இது எந்த ரகமும் இல்லடா, உலகத்துலயே இந்த ஒரு மரந்தான்"னேன். அவன் ரெண்டு நிமிசம் யோசிச்சுட்டு, "அப்ப சாதாரண மரந்தானா சித்தப்பா?"ன்னான்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குச் செரிக்கல. உலகத்துல ஒன்னே ஒன்னுன்னா வைரத்துக்கு விலை ஏறுது, மாமரத்துக்கு இறங்குது. மர வியாபாரி வந்து சுத்திப் பாத்துட்டு, சென்ட்ரிங் பலகைக்கு இவ்வளவு, சூளை விறகுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு பன்னெண்டாயிரம் குடுத்தான். தையில வெட்டியாச்சு. அதுக்கு முன்னால ஆடியில நான் இருபது குச்சி வெட்டி ஒட்டினேன். பதினொன்னு பிடிச்சுது, ஒன்பது இருக்கு.

நம்ம இன்னைக்குத் தலையில வச்சு ஆடற பேரெல்லாம் எங்கேருந்து வந்துதுன்னு நெனைக்கிறீங்க? தசேரிங்கறது லக்னோ பக்கத்துல ஒரு கிராமம், அங்க நின்ன ஒரு மரத்துலேருந்து வந்துதுதான் அத்தனை தசேரியும். லங்டான்னா இந்தியில நொண்டி. காசியில ஒரு நொண்டி மனுசன் வீட்டுல முளைச்ச மரம்னு சொல்லுவாங்க. 1902ல அமெரிக்காவுல, ஃபுளோரிடாவுல, ஹேடன்னு ஒரு ஓய்வுபெற்ற ராணுவக் கேப்டன் வீட்டுல மாங்கொட்டை நட்டார். அது நம்ம நாட்டுலேருந்து போன முல்கோபா மரத்தோட கொட்டை. 1910ல காய்ச்சப்ப பாக்க அவர் உயிரோட இல்ல, அவர் சம்சாரம்தான் பாத்தாங்க. அதுக்கு ஹேடன்னே பேராச்சு. அதோட கொட்டையில வந்ததுதான் டாமி அட்கின்ஸ், வெளிநாட்டுக் கடைகள்ல அடுக்கி வச்சிருக்கானே அந்தச் சிவப்புப் பழம். காய்ச்ச அன்னைக்கு அந்தம்மாகிட்ட யாராவது வந்து "இது என்ன ரகம்?"னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?

எல்லாக் கொட்டை மரமும் தங்கம்னு சொல்ல வரல. பத்துல ஆறு ஏழு வாயில வைக்க முடியாது, புளிப்பும் நாரும்தான். அதுலயும் வடுவுக்கு ஆகறது உண்டு. நீங்க மாசியில தேடித் தேடி வாங்கற மாவடு பேர் வச்ச ஒட்டு மரத்துக் காயா? நாட்டு மரத்துக் காய்தான். காசுன்னு வந்தா நானே தோப்புல வச்சிருக்கறது கிளிமூக்கும் நீலமும். கிளிமூக்கைக் கூழ் ஆலைக்காரன் எடுத்துக்குவான். பேரில்லாத பழத்தைக் கூடையில கொண்டு போனா கமிஷன் மண்டியில நாட்டுக்காய்னு ஓரமாத் தள்ளிடுவாங்க, தின்னுகூடப் பாக்க மாட்டாங்க. தோப்புக்காரனுக்கு அந்த நெருக்கடி இருக்கு. கொல்லையில ஒத்தை மரம் வச்சிருக்கிற உங்களுக்கு எந்த மண்டிக்காரன் தயவு வேணும்?

அதனால பழம் நல்லா இருக்கா, வருசா வருசம் காய்க்குதா, பழ ஈ அதிகம் விழாம தாங்குதா, இதைப் பாருங்க. நல்லா இருந்தா, 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்துல விவசாயி தன் ரகத்தைத் தன் பேர்லயே பதிவு பண்ணலாம், விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. அவ்வளவு தூரம் போகலேன்னாலும் நாலு ஒட்டுக் கன்னாவது எடுத்து நாலு இடத்துல வைங்க. வீடு இடிக்க நாள் குறிச்ச பிறகு ஓடி வராதீங்க, அதுக்குப் பருவம் உண்டு. ஆடி, ஆவணியில காத்துல ஈரம் இருக்கும்போது, பூக்காத நுனிக்கொம்பா, பென்சில் கனத்துல, மூணு நாலு மாசம் முத்தினதாப் பாத்து வைக்கணும். இலைக்காம்பு மட்டும் நிக்கிற மாதிரி இலையைக் கிள்ளிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பொறுங்க. நுனிமொட்டு பருத்ததும் வெட்டி, ஈரச்சாக்குல சுருட்டி அன்னைக்கே பக்கத்து நர்சரிக்குக் கொண்டு போங்க. மதிய வெயில்ல பைக் டேங்க் மேல வச்சு எடுத்துட்டுப் போனா ஒன்னுகூடப் பிடிக்காது.