ஹனோவர் கடுதாசி - 23: பெடல் தரைக்குப் போன கதை

டிஸ்கி: அடியேன் மெக்கானிக் கிடையாது. பிரேக் பெடலை அமுக்கிப் பிடிச்ச அனுபவத்துல எழுதறது. இதைப் படிச்சுட்டு யாராவது தன் வண்டியைப் பிரிச்சா கம்பெனி பொறுப்பாகாது :-)

நம்ம கோயமுத்தூர் அண்ணனைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். மூணு வருஷம் காசு சேர்த்து, ரெண்டே ரெண்டு சீட் இருக்கற பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினாரே, அவரேதான். "குடும்பத்தோட எப்படிண்ணே போவீங்க?"ன்னு கேட்டதுக்கு, "அவிங்க வர்றதுக்குள்ள ஆசையத் தீத்துக்கறனுங் தம்பி"ன்னார். வீட்டம்மாவும் ரெண்டு வயசுப் பொண்ணும் ஊர்ல விசாவுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்தக் கிறுக்கு ரத்தத்திலேயே இருக்கும் போல. செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேயை 2003-ல திறந்தாங்க. 1995-ல விமான விபத்துல இறந்துபோன எஸ். கரிவரதன் பேர்ல இருக்கற டிராக் அது. நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினப்ப, அண்ணன் காலேஜ் ஹாஸ்டல் டிவி முன்னாடி சாப்பிடாம உக்காந்திருந்தாராம். அப்படிப்பட்ட ஆளு ஜெர்மனியில சும்மா இருப்பாரா?

ஹனோவர்லேர்ந்து ஏ2 ஹைவேயைப் பிடிச்சு கிழக்கே போனா, மாக்டெபுர்க் வர்றதுக்கு முன்னாடி ஓஷர்ஸ்லெபன்னு ஒரு சின்ன ஊர். 1997-ல திறந்த ரேஸ் டிராக் அங்க இருக்கு. நீளம் சுமார் 3.7 கி.மீ. நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் ஏறக்குறைய அதே நீளம்தான். பணம் கட்டினா நம்ம சொந்த வண்டியையே எடுத்துட்டுப் போய் ஓட்டலாம். ட்ராக் டேன்னு பேரு. போட்டி இல்லை, கப்பு இல்லை. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, 15-20 நிமிஷம் ஓட்டிட்டு ஓரங்கட்டணும். அப்புறம் திரும்ப ஓட்டலாம்.

ஏப்ரல் மாசம் மொத தடவை போனோம். பக்கத்து சீட்டுல நான்.

மூணு சுத்து அருமையா போச்சு. நாலாவது சுத்துல நேர் பாதை முடியற இடத்துல அண்ணன் பிரேக்ல கால வச்சார். கால் கீழ போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டுருச்சு, வண்டி என்னவோ தன் பாட்டுக்குப் போகுது. அவர் ரெண்டு தடவை வேகமா மிதிச்சார், கியரைக் கீழ இறக்கினார். வண்டி பக்கவாட்டுல திரும்பி, ஜல்லி கொட்டி வச்சிருக்கற இடத்துல போய்ப் புதைஞ்சு நின்னுச்சு. ஒரு கீறல் இல்லை, ரெண்டு பேருக்கும். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டாமலே, "பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானுங் தம்பி ஆகுது"ன்னார். நான் என்னத்தச் சொல்ல?

கயிறு கட்டி இழுத்துட்டு வந்து நிறுத்தினாங்க. அரை மணி நேரம் கழிச்சு பெடலை மிதிச்சுப் பாத்தா, எதுவுமே நடக்காத மாதிரி கொஞ்சம் கெட்டியா நிக்குது! எனக்கு அதுதான் ஜல்லியை விட அதிக பயமா இருந்துச்சு. வண்டியை அங்கேயே விட்டுட்டு, மாக்டெபுர்க் வழியா ரயில்ல வந்தோம். அடுத்த வாரம் டிரெய்லர் வாடகைக்கு எடுத்து வண்டியைக் கொண்டு வந்தோம்.

இங்க வாடகை ஒர்க்‌ஷாப்னு ஒரு நல்ல விஷயம் இருக்கு. மணிக்கு இவ்வளவுன்னு குடுத்தா லிஃப்ட், டூல்ஸ் எல்லாம் தருவாங்க, வேலையை நாமதான் செஞ்சுக்கணும். அங்க எப்பவும் ஒரு பெரியவர் இருப்பார். ரிட்டயர்ட் மெக்கானிக். அவர் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து, பேனா மாதிரி ஒரு கருவியை விட்டு, கொதிக்கிற அளவைப் பாத்தார். 150 டிகிரிக்கும் கீழ! சர்வீஸ் புக்ல "போன வருஷம் ஆயில் மாத்தியாச்சு"ன்னு சீல் இருக்கு. சீல் புதுசு, ஆயில் கருப்பட்டிக் காப்பி. (வித்தவர் யாருன்னு கேக்காதீங்க, அண்ணனே மறந்துட்டேங்கறார்.)

மேட்டர் என்னன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி. 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது இதுக்காகத்தான். கொதிச்சா ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம்ம மிதிக்கற மிதி எல்லாம் அந்த ஆவியை நசுக்கறதுலயே தீந்துரும், பிஸ்டன் வரைக்கும் போகாது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிரும், பெடலும் கெட்டியாயிரும். ஜல்லியில நின்னதும் அரை மணி நேரத்துல "சரியானதும்" இப்படித்தான்.

ஏன் இவ்வளவு சூடுன்னு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன் (அசைன்மென்ட் பாக்கி இருந்துச்சு, அது வேற கதை). ரெண்டு ஆளோட வண்டி 1200 கிலோன்னு வைங்க. 160 கி.மீ. வேகத்துலேர்ந்து 70-க்குக் குறைக்கறப்ப கழியற சக்தி சுமார் 9.6 லட்சம் ஜூல். மூணு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியான பச்சத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் மூணு செகண்டுல! பவர்னு பாத்தா 320 கிலோவாட் பக்கம் வருது. அண்ணன் வண்டி என்ஜின் மொத்தமே 140 குதிரை, அதாவது 103 கிலோவாட். என்ஜினைப் போல மூணு மடங்கு வேலையை பிரேக் செய்யுது, ஒவ்வொரு திருப்பத்துக்கும். ரோட்ல ஓட்டறப்ப அப்பப்ப மிதிக்கறோம், நடுவுல ஆறிருது. டிராக்ல ஆற நேரமே கிடையாது.

இந்தக் கணக்கைப் பாத்ததும் அண்ணன் முடிவு பண்ணிட்டார்: பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர், செவப்பு பெயின்ட். விலையைப் பாத்தேன், எனக்கு மூணு மாச வாடகை. பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பழைய பிரேக்ல ஏபிஎஸ் வேலை செஞ்சுச்சா?" செஞ்சுச்சு. "அப்ப டயர் தாங்கற அளவுக்கு உன் பிரேக் ஏற்கெனவே பிடிக்குது. பெரிய காலிப்பர் போட்டா வண்டி சீக்கிரம் நிக்காது, சூட்டைத்தான் கூடுதலாத் தாங்கும். மொதல்ல ஆயிலும் பேடும் மாத்து." அண்ணன் மூஞ்சி தொங்கிப் போச்சு. துளை போட்ட டிஸ்க்காவது வாங்கலாமேன்னு இழுத்தார். டிராக் சூட்டுல துளையைச் சுத்தித்தான் மொதல்ல வெடிப்பு விடும்னு அதையும் தள்ளிட்டார் பெரியவர். சாதா டிஸ்க், நடுவுல காத்துப் போற மாதிரி வழி வச்சது, அவ்வளவுதான்.

பேடு விஷயத்துலதான் சட்டச் சிக்கல். சுத்தமான ரேஸ் பேடு சூடானாத்தான் பிடிக்கும். காலையில மொத சிக்னல்ல, குளுர்ல, அது பேருக்குத்தான் பிரேக். அதுபோக இந்த ஊர்ல ஈசிஇ ஆர்90 மாதிரி அனுமதி இல்லாத பேடைப் போட்டுக்கிட்டு ரோட்ல போனா, வண்டி ஓட்டற அனுமதியே செல்லாமப் போகலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ட்யூஃப் பரிசோதனையில கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாப்பாங்க. அந்தப் பரிசோதனைக் கம்பெனிகள்ல ஒண்ணான ட்யூஃப் நோர்டுக்குத் தலைமையிடமே நம்ம ஹனோவர்தான். அதனால அனுமதி முத்திரை உள்ள, கொஞ்சம் சூடு தாங்கற பேடா பாத்து வாங்கினோம். ஸ்டீல் நெய்த பிரேக் ஹோஸும் பேப்பரோட சேத்து.

ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை. ஹப்ல இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சே எனக்குத் தோள் போச்சு. அந்தத் துரு மேல டிஸ்க்கை வச்சா தட்டு கோணும், பெடல் அதிரும். அப்புறம் ஏர் எடுக்கற வேலை. சீல் உடைக்காத புது டின், 280 டிகிரி தாங்கற ஆயில். போன மாசம் திறந்து மூடின டின் ஆகாது. பெரியவர் வலது பின் சக்கரத்துக்கிட்ட உக்காந்துக்கிட்டு "பும்பன்!"னு கத்துவார், நான் மிதிக்கணும். "ஹால்ட்டன்!"னா அமுக்கிப் பிடிக்கணும். அவர் நிப்பிளைத் திறப்பார், ஆயிலோட குமிழ் வரும், மூடினப்புறம்தான் நான் காலை எடுக்கணும். முந்தி எடுத்தா காத்து உள்ள போயிரும், மொதல்லேர்ந்து ஆரம்பம். ரெண்டு தடவை முந்தினேன். ரெண்டு தடவையும் எனக்குப் புரியாத வட்டார ஜெர்மன்ல திட்டு வாங்கினேன். நல்லவேளை புரியல.

பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைக்கச் சொன்னார். எதுக்குன்னு கேட்டேன். பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் வழக்கமாப் போகாத தூரத்துல துரு பிடிச்சிருக்கும், பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சா அந்தத் துருவுல உரசி ரப்பர் சீல் கிழிஞ்சிருமாம். ஒரு துண்டு மரக்கட்டை! எங்க யுனிவர்சிட்டியில ரெண்டு செமஸ்டர் ஹைட்ராலிக்ஸ் படிச்சேன், இதை யாரும் சொல்லல.

கருப்பட்டிக் காப்பி போய் தேன் கலர் வந்தப்ப சாயந்தரம் ஆறு மணி. வாளியில தண்ணி வச்சிருந்தோம், பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரியும், உடனே கழுவணும்.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். கான்டினென்டல் 1871-ல பிறந்தது இந்த ஊர்லதான். லாரிக்கு ஏர் பிரேக் செஞ்ச வாப்கோவுக்கும் ஹனோவர் முக்கியமான ஊர். மெர்சிடிஸ் கூட சேந்து அவங்க 1981-ல லாரிக்கு ஏபிஎஸ் கொண்டு வந்தாங்க, 2020-ல இசட்எஃப் அந்தக் கம்பெனியை வாங்கிருச்சு. இந்தப் பெருமையை எல்லாம் பெரியவர் நீட்டி முழக்கினப்ப நானும் விடல. சென்னை பாடியில 1962-லேர்ந்து பிரேக்ஸ் இந்தியா இருக்கு தெரியுமான்னு கேட்டேன். "அப்ப உனக்கு ஏன் பெடல் மிதிக்கத் தெரியல?"ன்னார். கப்சிப்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஊருக்கு வெளியே காலி ரோட்ல புது பேடுக்குப் பழக்கம் குடுத்தோம். 90-லேர்ந்து 20 வரைக்கும் அழுத்தி பிரேக், ஆனா முழுசா நிறுத்தாம, எட்டு தடவை. பேடுல இருக்கற ஒட்டுப்பசை கருகி அப்படி ஒரு நாத்தம். அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கையே தொடாம ஓட்டி ஆற விடணும். சூடா இருக்கறப்ப நிறுத்தி மிதிச்சுக்கிட்டே நின்னா, பேடு தன் அச்சை டிஸ்க்குல பதிச்சிரும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு"ன்னு பல பேர் சொல்றது பாதி நேரம் இந்த அச்சுதானாம்.

செப்டம்பர்ல திரும்ப ஓஷர்ஸ்லெபன். கூட வர்றியான்னு அண்ணன் கேக்கல. நானே ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தேன். தைரியம்னு நினைக்காதீங்க, அந்த நேர் பாதை முடியற இடத்தை இன்னொரு தடவை பாக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது போல இருந்துச்சு. நாலாவது சுத்து வந்துச்சு. அண்ணன் வழக்கத்தை விட 50 மீட்டர் முன்னாடியே மிதிச்சார். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. சீட் பெல்ட் நெஞ்சுல அழுந்துச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, அஞ்சாவது சுத்துல 20 மீட்டர் தள்ளி மிதிச்சார்.

கடைசிச் சுத்தை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆற விட்டு, உள்ள வந்து நிறுத்தினோம். பழக்க தோஷத்துல அண்ணன் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போச்சு. "அண்ணே!"ன்னு கத்தினேன். சூட்டோட அதை இழுத்தா பின்னாடி பேடு ஒட்டிக்கும். கையை எடுத்துட்டு மொத கியர்ல போட்டார். நான் இறங்கிப் போய் சக்கரத்துக்கு அடியில கட்டையை வச்சேன். அதே மரக்கட்டைதான்.