ஒத்திகையில் நின்று கற்றவர்



பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கடந்து போகும்போதெல்லாம், பிள்ளையை டாக்டராக்கிவிட வேண்டும் என்று பால்மரக் காட்டில் உழைத்த நம் தோட்டத்துப் பெற்றோர் நினைவுக்கு வருவார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாதம், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

சுபின் மேத்தா 1936-ல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மெலி மேத்தா, பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கிய வயலின் கலைஞர். மகன் மருத்துவத்துக்கென்று கல்லூரியில் சேர்ந்தும் மனம் ஒட்டவில்லை. பதினெட்டு வயதில் இசை படிக்க வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய இசைக்குழு நடத்துநர்களின் ஒத்திகைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். சுபினும், உடன் படித்த இத்தாலிய நண்பர் கிளாவுதியோ அப்பாதோவும் அங்கிருந்த பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். பாட வேண்டிய இடத்தில் பாடினார்கள். மற்ற நேரமெல்லாம் புருனோ வால்ட்டர், கரயான் போன்றோரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் இருவருமே உலகறிந்த நடத்துநர்கள் ஆனார்கள்.

1958-ல் லிவர்பூலில் நடந்த நடத்துநர் போட்டியில் வென்றார் சுபின். அடுத்து மொன்றியல், லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக்குழுக்கள். 1965-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் வெர்டியின் 'ஐடா'. 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு. நம் வயலின் மேதை எல். சுப்பிரமணியம் அந்தக் குழுவோடு வாசித்தபோது, முன்னால் நின்று நடத்தியவர் இவர்தான்.

1984-ல் அந்தக் குழு கோலாலம்பூருக்கும் வரவிருந்தது. யூத இசையமைப்பாளர் எர்னஸ்ட் புளோக்கின் படைப்பு ஒன்றை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கச் சொன்னது அன்றைய அரசு, கச்சேரியே ரத்தானது. இழப்பு நமக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு 1998-ல் அதே நகரில், இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கத்தைத் திறந்தார்கள், நிரந்தர இசைக்குழுவோடு. சுங்கைப் பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் கோபுரத்தைப் பார்க்கப் பிள்ளைகளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போகும் ஆசிரியர்களே, ஒருமுறை அந்த அரங்கத்துக்குள்ளும் அவர்களை உட்காரவையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில், கோயிலில், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு மேளமோ நாதசுரமோ ஆர்மோனியமோ சொல்லிக்கொடுத்தவர் யார்? எந்த ஆண்டு, எந்த இடம், யாரெல்லாம் கற்றார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் அதையும் சேருங்கள். அடுத்த இதழில் அவர்களுக்காகவே நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்