ஒரு கரண்டிதானே!

நோன்புப் பெருநாள் என்றால் நம் வீடுகளில் வட்டிலப்பம் இல்லாமல் இருக்காது. முட்டையும் கஜுவும் சேர்ந்த அந்த இனிப்பை, "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் மறுத்தால் நாம் விடுவதில்லை. "ஒரு கரண்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்துகிறோம். அதை அன்பு என்றும் நினைக்கிறோம். அந்த அன்பு ஓர் உயிரையே பறித்துவிடக்கூடும் என்கிறேன் நான்.

ஒவ்வாமை உள்ளவரின் உடல், மற்றவர்களுக்கு உணவாக இருப்பதை எதிரியாக எண்ணிப் போராடுகிறது. ஹிஸ்டமின் முதலான இரசாயனங்கள் ஒரேயடியாக வெளிப்படுகின்றன. தோல் தடிக்கும், நாக்கு வீங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் சரியும். சில நிமிடங்களில் இத்தனையும் நடந்துவிடலாம். இதற்குப் பெயர் அனாபிலக்சிஸ். கச்சான், இறால், பசுப்பால் போன்ற உணவுகள் மட்டுமல்ல, குளவி கொட்டுவதும் பெனிசிலின் மருந்தும்கூட இதை ஏற்படுத்தலாம்.

"போன முறை அரிப்பு மட்டும்தானே வந்தது" என்பதும் ஆபத்தான பேச்சு. சார்ள்ஸ் ரிஷே, போல் போர்ட்டியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடற்சாமந்தி என்னும் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறிய அளவுக்கே இறந்துபோனது. 1902இல் இதற்கு அனாபிலக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அளவு சிறியது என்பதோ, முன்பு தப்பியது என்பதோ உத்தரவாதம் ஆகாது.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பது அடுத்த தவறு. இதற்கு முதல் மருந்து, தொடைத் தசையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை வில்லை அதற்கு ஈடாகாது. உடனே 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார விடலாம். நடக்க விடவே கூடாது.

ஒவ்வொரு வகுப்பிலும் யாருக்கு எது ஒவ்வாது என்ற குறிப்பு ஆசிரியரிடம் இருக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் எந்த உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். இவை பெரிய செலவில்லாத காரியங்கள்.

தோழியரே, மறுப்பவள் நம் உம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. அவளுடைய சொல்லை நம்புவோம். "வேறு என்ன தரட்டும்?" என்று கேட்பதும் விருந்தோம்பல்தான்.