அக்காவுக்கு வந்தால் தங்கைக்கும் வருமா?

பாலவனத்தத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெண்ணுக்கு வரன் அமைந்து, பூ வைக்க நாள் பார்க்கிற நேரம். யாரோ ஒரு புண்ணியவான் மாப்பிள்ளை வீட்டார் காதில் ஓதுகிறார்: "மூத்தவளுக்கு நரம்புச் சீக்காம்ல... ரத்தத்துலயே ஓடுதாம்!" அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்துபோச்சு. இது நியாயம்தானா?

அக்காவுக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புப் படை, ஆள் தெரியாமல் மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும். கரண்ட் ஒயரின் உறை பிய்ந்தால் என்ன ஆகும்? அதே கதிதான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், பெண்களுக்கே அதிகம் வருகிறது.

பரம்பரைக்கு இதில் பங்கு இல்லையா? உண்டு, மறைப்பானேன்! ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்றொரு ஜீன் கூட்டம் இருக்கிறது. 'இவன் நம்மாள், இவன் அந்நியன்' என்று எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டுவது இதன் வேலை. இதில் டி.ஆர்.15 என்ற ரகம் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. மங்களூர் டாக்டர் லேகா பண்டிட் குழுவினர் நம் நாட்டு நோயாளிகளிடமும் இந்த ஜீன் தொடர்பைப் பார்த்திருக்கிறார்கள்.

மூன்று மடங்கா என்று பதறாதீர்கள். மங்களூரில் எடுத்த கணக்கில் லட்சம் பேருக்குச் சுமார் எட்டுப் பேருக்குத்தான் இந்த நோய். எட்டை மூன்றால் பெருக்கிப் பாருங்கள், பயம் பாதி குறையும். உடன்பிறந்தவருக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல்தான். ஆனால் இந்த நோய் அதிகமுள்ள மேல்நாடுகளிலேயே, உடன்பிறந்தோரில் 100க்கு ஐந்து பேருக்கு மேல் வருவதில்லை. அவ்வளவு ஏன், ஒரே ஜீன்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வருவது சுமார் நாலில் ஒன்றுதான்!

நம் கரிசல்காட்டில் புழுதி விதைப்பு தெரியுமல்லவா? விதை மண்ணுக்குள் கிடக்கும். மழை விழுந்தால்தான் முளைக்கும். ஜீனும் அப்படித்தான். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்று, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு என்று பல சங்கதிகள் சேர வேண்டும். அந்த வைரஸின் பங்கை அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை வைத்து 2022ல் உறுதிப்படுத்தினார்கள். அதுவோ உலகில் பெரும்பாலோர் உடம்பில் இருப்பது! தங்கைக்கு ஜீன் டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். வருமா வராதா என்று அது சொல்லாது.

பேச்சுக்குப் பயந்து மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், நாள்கணக்கில் கை கால் மரத்துப்போனால், 'வெயில் சூடு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். நோய் திரும்பத் திரும்பத் தாக்காமல் குறைக்க இன்று மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்த நோயைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நாளைக்கு உங்கள் காதிலும் யாராவது ஓதலாம். அப்போது நாலு கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். அக்காவுக்கு வேண்டியது வைத்தியம். தங்கைக்கு வேண்டியது கல்யாணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பலாமா?