வலி போக்கும் குளிசையும் ஆறாத புண்ணும்

பெரும்போக அறுவடை வந்தால் பொத்துவிலில் முதுகுவலியும் உடன் வந்துவிடும். நம் அயலவரான முதிய விவசாயி ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, "மாஸ்டர், இரைப்பையில புண்ணெண்டு மருந்து எடுத்து ரெண்டு மாசமாகுது. இன்னும் ஆறல்ல" என்று குறைப்பட்டார். விசாரித்தோம். புண்ணுக்குரிய மருந்துடன், முதுகுவலிக்கெனத் தாமே பாமசியில் வாங்கிய டைக்ளோபெனாக்கையும் அவர் நாள்தோறும் விழுங்கி வந்தார்.

"காக்கா, ஆற்றுவதற்கு ஒரு குளிசை, ஆறவிடாமல் தடுப்பதற்கு இன்னொன்றா?" என்றோம். அவர் நம்பவில்லை.

இரைப்பையில் ஊறும் அமிலம் இறைச்சியையே கரைக்க வல்லது. அது இரைப்பையைக் கரைக்காதிருப்பதேன்? புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருள் அங்கே வழுவழுப்பான சளிப் படலத்தைச் சுரக்கச் செய்கிறது, குருதியோட்டத்தையும் பேணுகிறது. மூட்டிலும் முதுகிலும் வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பதும் இதே இனத்துப் பொருள்தான். அஸ்பிரின் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை 1971இல் இலண்டனில் ஜோன் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். அஸ்பிரின் விற்பனைக்கு வந்ததோ 1899இல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காரணம் அறியாமலே உலகம் அதை விழுங்கியிருக்கிறது!

புண் ஆறுவதென்றால், அதன் விளிம்பிலுள்ள கலங்கள் பெருகி உள்நோக்கி நகர்ந்து மூடவேண்டும். அடியில் புதிய குருதிக் குழாய்கள் முளைக்கவேண்டும். உடைந்த வரம்புக்கு ஓரத்திலிருந்து மண் அணைப்பதைப் போன்ற வேலை அது. வலிக்குளிசை அவ்வேலையையே தாமதப்படுத்துகிறது.

"சாப்பிட்ட பின் போட்டால் தீங்கில்லை", "ஊசியாக ஏற்றினால் வயிற்றுக்குச் சம்பந்தமில்லை" என்பாரும் உளர். மருந்து குருதி வழியாகவும் இரைப்பையை அடைவதால் இவ்விரண்டும் முழுக் காப்பு ஆகா. மேலும், குளிசை புண்ணின் வலியையும் மறைத்துவிடுவதுண்டு. அப்போது தார் போன்ற கரிய மலமோ இரத்த வாந்தியோதான் முதல் அறிகுறி. அது கண்டால் அக்கணமே வைத்தியசாலைக்கு விரையவேண்டும்.

புண்ணுள்ளவர்க்கு வலி தணிக்கப் பெரும்பாலும் பரசிற்றமோலே போதும். வலிக்குளிசையை விடவே இயலாதவர்க்கு ஒமிப்பிரசோல் போன்ற மருந்தை வைத்தியர் சேர்த்துக் கொடுப்பார். ஆனால் இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து.

காக்கா மடியை அவிழ்த்துப் பாதி தீர்ந்த குளிசை அட்டையொன்றை எடுத்து நம் மேசைமேல் வைத்தார். "இதைக் காட்டினா டொக்டர் ஏசுவாரோ?" என்றார். ஏசினாலும் காட்டுங்கள் என்றோம்.