செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டும் வீடுகள்

வாசலைத் தாண்டி செருப்பு உள்ளே வரக் கூடாது என்று கறாராக இருக்கும் வீடுகளிலும் கிரைண்டருக்கு மட்டும் விலக்கு உண்டு. "ஈரக் கையோட தொடாத, லேசா சுர்ருங்கும். அந்த ரப்பர் செருப்ப மாட்டிக்கோ" என்று மாமியார் மருமகளுக்குச் சொல்லித்தருகிறார். செருப்புக்கு மனம் ஒப்பாத வீட்டில் மணைப்பலகை. அதில் ஏறி நின்று மாவு வழிப்பார்கள். நம்ம கிரைண்டர் குணமே அப்படித்தான் என்று குடும்பமே ஏற்றுக்கொண்டிருக்கும்.

கிரைண்டருக்குக் குணம் ஏது? மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கும், அல்லது ஒயரின் உறை தேய்ந்து வெளி உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கசியும் மின்சாரம் பச்சை எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டிருப்பதால் மாவு வழிப்பவர் உடம்பு வழியாகப் போகிறது. நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் மின்தடை தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் பாயும். பத்துப் பதினைந்து தாண்டினாலே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். நூறு வந்தால் இதயத் துடிப்பு குலைந்துபோகும்.

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே தனியாக இருக்கும் எர்த் பின், மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். மற்ற ஓட்டைகளுக்குள் தவறிப் போகக் கூடாது என்பதற்காகத் தடிமன். செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக நீளம். இவ்வளவு யோசித்துச் செய்த பின்னை ஒழிப்பதற்கு நம்மிடம் எத்தனை வழிகள்! கிரைண்டர் ஒயர் பழுதானால் கடையில் டூ கோர் ஒயரைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பிளக்கில் மூன்று பின்னும் அப்படியே இருக்கும், பச்சை ஒயர் மட்டும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பழைய வீடுகளில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளம்பர் வந்து குழாயை பிவிசியாக மாற்றிவிட்டுப் போவார். அன்றோடு வீட்டின் எர்த் போயிற்று. (கையால் பிடிக்கும் பிளெண்டர் போல, சதுரத்துக்குள் சதுரம் பொறித்த சாதனங்கள் இரண்டு பின்னோடுதான் வரும். இரட்டைக் காப்பு இருப்பதால் அவற்றுக்கு எர்த் தேவையில்லை.)

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது, எர்த் இல்லாத போர்டில் சில எலக்ட்ரீஷியன்கள் செய்யும் கைவேலை. நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் ஓட்டைக்கு லூப் அடித்துவிடுவார்கள். பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்துக் காட்டுவார்கள். "பாருங்க சார், எர்த் பிரமாதமா இருக்கு." பல்பும் பளிச்சென்று எரியும், எரியாமல் என்ன செய்யும்? அது பார்ப்பது நியூட்ரலைத்தானே. மெயின் பாக்ஸில் நியூட்ரல் லூஸாகிக் கழன்ற நாளில்தான் வினை. ஏதோ ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த லூப்பில் ஏறி, ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று பின்னை நம்பிய சாதனங்களின் வெளி உலோகத்துக்கெல்லாம் வந்துவிடும். எந்தச் சாதனத்திலும் கோளாறு இருக்காது. ஆனாலும் எதைத் தொட்டாலும் ஷாக். எர்த்தே இல்லாத வீடு இதற்குத் தேவலாம்.

"அதான் டிரிப்பர் போட்டிருக்கோமே" என்பார்கள். எந்த டிரிப்பர்? எம்சிபி என்றால் அது காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு, ஒருவர் உடம்பில் பாயும் கால் ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. எர்த் இருந்தாலும், அது போய்ச் சேரும் மண்குழியின் தடை 20 ஓம் என்றால் கசிவு 11.5 ஆம்பியரில் நின்றுவிடும். அப்போதும் எம்சிபி விழாது. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லிஆம்பியர் ரகம். அந்த அளவு கசிவுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். மேலே சொன்ன லூப் இருக்கும் வீட்டில், சாதனத்தின் உலோகம் எங்காவது மண்ணோடு தொடர்பு கொண்டால் இது நிற்காது, சும்மா சும்மா விழும். "இது சரிப்பட்டு வராது, கழட்டிடலாம்" என்று அதே எலக்ட்ரீஷியன் சொன்னால், கழற்ற வேண்டியது எதை என்று தெரிந்துவிடும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் விழுந்தால் ஆர்சிசிபி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஒயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைப்பது அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு வைப்பதுதான். தொட்டால் சுடுகிற பிளக்கை, விளிம்பு பழுப்பேறிய சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

மாடுலர் கிச்சனுக்கும் சிம்னிக்கும் லட்சக்கணக்கில் எடுத்துவைப்பவர்கள் எர்த் குழிக்கு யோசிப்பார்கள். எலக்ட்ரீஷியனும் பேசுவது ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம்தான். சுர்ரென்றது யாருக்கு என்று கேட்பதில்லை. அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. கரியும் உப்பும் கொட்டி, பைப் இறக்கி வைத்த குழியின் மேல் டைல்ஸ் ஒட்டிக் காரை நிறுத்தியிருப்பார்கள். மண் காயக் காயத் தடை ஏறும் என்பதால், குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அசோசியேஷன் கூட்டங்களில் லிஃப்ட் வரும், சிசிடிவி வரும், நாய் வரும். எர்த் குழி வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் கூட்டத்தில் வந்தால், மீட்டர் வைத்து மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் மோசமான குழியும் பாஸாகிவிடும்.